மலையேறிய நத்தை

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் தூரத்தையே பார்க்கிறார்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறியதும் முதலில் ஏரியைப் பார்க்கிறார்கள். பிறகு ‘சீமாட்டி ஆசனம்’ என்று பெயர் பெற்ற பாறை விளிம்பில் நின்று, கீழே சேலம் நகரம் கொலுப் படியைப் போல் பரந்து கிடப்பதைப் பார்க்கிறார்கள். இருட்டிய பின் அந்நகரத்தின் விளக்குகளைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, கொஞ்சம் காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். காலடியில் என்ன இருக்கிறதென்று குனிந்து பார்ப்பவர் அபூர்வம்.

நாமும் அப்படித்தான் இறங்கியிருப்போம். ஆனால் நம்முடன் தங்கையின் எட்டு வயதுப் பெண்ணும் வந்திருந்தாள். ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை வேளையில், காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். குழந்தைகளுக்குத் தூரத்துக் காட்சிகளில் அவ்வளவு ருசி கிடையாது. அவள் பாதையோரத்தில் குந்தி உட்கார்ந்து, மட்கிய இலை ஒன்றைப் புரட்டினாள். இலையின் அடிப்புறத்தில், மிளகில் பாதி அளவே உள்ள ஒரு நத்தை, இரண்டு கொம்புகளையும் நீட்டிக்கொண்டு சாவதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

“மாமா! சங்கு, சோழி எல்லாம் கடலிலேதானே இருக்கும்? இந்த நத்தை மட்டும் எப்படி மலைக்கு ஏறி வந்தது? பஸ்ஸில் வந்ததா?” என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்லத்தான் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி, நாலைந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான், அந்தக் கேள்வி சிரிக்கத் தக்கதல்ல, சிந்திக்கத் தக்கது என்பது விளங்கிற்று.

வாசற்படியில் நிற்பவர்கள்

சங்கு, சோழி, நத்தை எல்லாம் ஒரே குலம். அக்குலத்தின் ஆதி வீடு சமுத்திரமே. அங்கிருந்து சில கிளைகள் தரைக்குக் குடியேறின. மிகப் பழைய தரை நத்தைகளின் ஓடுகள் கல்லாய்ச் சமைந்து கிடைத்திருப்பதைக் கொண்டு, அந்தக் குடியேற்றம் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதென்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். அதுவும் ஒரே தடவையில் நடந்ததல்ல. வெவ்வேறு கிளைகள் வெவ்வேறு காலங்களில் தனித்தனியே கரையேறியிருக்கின்றன.

கடலில் பிறந்த ஒரு பிராணி எப்படித் தரையில் வாழப் பழகும்? இதைக் கண்ணால் காண விரும்புவோர், ஏற்காட்டிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரத்துக்குப் போகவேண்டும். சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இடத்தில் இருக்கிறது அந்த அலையாத்திக் காடு. தில்லை என்று சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரம் அக்காட்டைச் சேர்ந்ததுதான். அங்கே தினந்தோறும் கடல் ஏறுகிறது, இறங்குகிறது. ஆகவே அங்குள்ள ஜீவன்கள் பாதி நாள் நீரிலும் பாதி நாள் காற்றிலும் காலம் தள்ளவேண்டியிருக்கிறது.

அங்குள்ள நத்தைகளைக் கவனித்தால் மூன்று விதமான வாழ்க்கை தெரியும். கூம்பு வடிவமான சேற்று நத்தைகள் நீர் வடிந்த சேற்றில் ஆயிரக்கணக்கில் ஊர்ந்து, சேற்றின் மேலுள்ள பாசியையும் மக்கலையும் மேய்கின்றன. இரண்டாவது வகை, கடல் ஏறும்போது மரத்தில் ஏறிக்கொண்டு, கடல் இறங்கும்போது தானும் இறங்குகிறது. வெயில் வந்தால் ஓட்டின் வாயை ஒரு மூடியால் அடைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் செவுளை ஈரமாக வைத்துக்கொள்கிறது. மூன்றாவது வகைக்கு ஓட்டின் வாய் மனிதக் காதைப்போல் இருக்கும். அதற்குச் செவுளே இல்லை. உடம்புக்குள் ஒரு பை இருக்கிறது. அதில் காற்றை நிரப்பிச் சுவாசிக்கிறது. அதாவது, கடலோரத்தில் இருந்துகொண்டே நுரையீரல் பெற்றுவிட்ட நத்தை அது!

பிச்சாவரத்து நத்தை ஏற்காட்டு நத்தைக்குப் பாட்டனார் அல்ல. ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஆயினும், பாட்டனார்கள் எந்த வாசற்படியைத் தாண்டித் தரைக்கு வந்தார்களோ, அந்த வாசற்படியில் இன்றும் நின்றுகொண்டிருக்கிறவர்கள் இவர்கள்.

கதவுள்ள வீடும் கதவில்லா வீடும்

இப்போது மலைக்குத் திரும்புவோம். சேர்வராயன் மலையின் காடுகளிலும் பழைய நத்தைக் குலங்களில் இரண்டு பெரும் பிரிவுகளைப் பார்க்கலாம். முதற் பிரிவு, ஓட்டின் வாய்க்கு நிரந்தரமான கதவு உடையது. பகைவன் வந்தாலும் வறட்சி வந்தாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். இவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டாவது பிரிவுக்குக் கதவு கிடையாது. கோடை வந்தால் தன் உடம்பிலிருந்து ஊறும் கோழையையே ஓட்டின் வாயில் பூசுகிறது. அது காய்ந்து கண்ணாடிக் காகிதம் போலாகிவிடுகிறது. இப்பிரிவில் ஒவ்வொரு நத்தையும் ஆணுமாகும், பெண்ணுமாகும். எந்த இரண்டு சந்தித்தாலும் குடும்பம் உண்டு. மெதுவாக நடக்கும் பிராணிக்கு இது எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு என்று சொல்லவேண்டியதில்லை.

நத்தையின் உடம்பில் பெரும் பகுதி தண்ணீர். அது நடக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கொஞ்சம் தண்ணீரைக் கோழையாகச் செலவழித்தே நடக்கவேண்டும். ஆகையால் ஈரமே அதன் செல்வம். மழைக்காலத்தில் இரவெல்லாம் மேய்கிறது. பகலில் இலைச் சருகின் அடியில் பதுங்குகிறது. அதன் நாக்கு அரத்தைப் போன்றது. ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் அதில் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு மட்கிய இலையையும் காளானையும் பாசியையும் சுரண்டித் தின்று, மண்ணுக்கு உரமாக்கித் தருகிறது. மாசி, பங்குனி மாதங்களில் வறட்சி கண்டதும், பாறை இடுக்கிலோ மரப்பட்டையின் அடியிலோ ஒண்டி, அடுத்த மழை வரையில் ஆகாரமின்றி உறங்குகிறது.

முட்டைகளை ஈர மண்ணில் இடுகிறது. கடுகளவு, மிளகளவு உள்ள காட்டு நத்தைகள் ஒரு தடவைக்கு விரல் விட்டு எண்ணத் தக்க முட்டைகளே இடும். ஆகவே ஒரு கோடையில் கூட்டம் அழிந்தால், மறுபடி பெருகி நிறைவது சுலபமல்ல.

தீவாகி நிற்கும் மலை

ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. மலையின் சிகரத்தில், சேர்வராயன் கோயில் இருக்குமிடம் 5,300 அடிக்கும் மேல். அங்கே மூடுபனியும் மழையும் சோலையும் உண்டு. கீழே சேலத்துச் சமவெளியோ, சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கிறது. தெற்கே போதமலையும் கொல்லிமலையும், கிழக்கே சித்தேரி, கல்வராயன் மலைகளும், அப்பால் பச்சைமலையும் இப்படியே தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. நமக்கு ஒரு மலையிலிருந்து இன்னொரு மலை கூப்பிடு தூரம் என்று தோன்றும். வெட்டவெளியில் அரைநாள் வெயில் பட்டால் உலர்ந்து போகிற ஒரு நத்தைக்கோ, நடுவிலுள்ள புன்செய்க் காடு இந்து மகா சமுத்திரத்துக்குச் சமானம். ஈரம் மிகுந்திருந்த பழங்காலங்களில் மலைக்கு மலை சோலை தொடர்ந்திருக்கலாம். நடுநிலம் உலர்ந்த பின், அந்தந்த மலையில் அகப்பட்டுக்கொண்ட நத்தைகள் அங்கங்கேயே தங்கி, தலைமுறை தலைமுறையாக மாறி, சில தனி இனங்களாகவே ஆகிவிட்டன.

இது வெறும் ஊகம் அல்ல. பெயர்ப் பட்டியலே சாட்சி சொல்கிறது. 1857-ம் ஆண்டை ஒட்டி, பிளான்போர்டு சகோதரர் இருவர் பூகர்ப்ப இலாகாவின் சார்பில் திருச்சிராப்பள்ளிச் சீமையில் பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளில், ஒரு காலத்தில் அங்கே அலையடித்த கடலின் சங்குகளும் சிப்பிகளும் கல்லாகிக் கிடந்தன. பகலெல்லாம் செத்த சங்குகளை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அக்கம்பக்கத்து மலைகளில் உயிரோடிருக்கும் நத்தைகளின் மீதும் ஆசை விழுந்தது. கொல்லிமலை, கல்வராயன் மலை முதலியவற்றில் தேடிப் பல புதிய இனங்களைக் கண்டு, கல்கத்தாவின் ஆசியச் சங்கத்துப் பத்திரிகையில் எழுதினார்கள். சயத்தோபோமா என்ற பெயரை ஒரு பேரினத்துக்குச் சூட்டியவர்களும் அவர்களே. கிண்ணம் போன்ற மூடியுள்ளது என்பது அதன் பொருள். அப்பேரினத்தில் ஓர் இனம் கொல்லிமலையின் பெயரையும், இன்னோர் இனம் கல்வராயன் மலையின் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

1875-ல், சென்னை மாகாண வன இலாகாவில் தலைமை உத்தியோகம் வகித்த கர்னல் பெட்டோம், அதே பேரினத்தில் மற்றோர் இனத்தை உலகுக்கு அறிவித்தார். அதன் பெயர் சயத்தோபோமா ஷெவராயனம். ஆம், நம் சேர்வராயன் மலையின் பெயரேதான்! சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு ஜந்து, ஒரு மலையின் பெயரை விஞ்ஞான உலகம் முழுவதும் சுமந்து செல்கிறது.

இதில் நாம் பெருமைப்படவும் இடமுண்டு, வெட்கப்படவும் இடமுண்டு. நம் மலையில் பிறந்து நம் மழையில் வளர்ந்த அந்த நத்தைக்குப் பெயர் வைத்தவர் அந்நியர். பெட்டோம் சேர்த்த ஓடுகள் லண்டன் மியூஸியத்தில் இருக்கின்றன. நாமோ, இருக்கும் நத்தைகள் அத்தனையையும் ‘நத்தை’ என்ற ஒரே சொல்லால் சுட்டிவிட்டுத் திருப்தியடைகிறோம். சுதந்திரத்துக்குப் பின் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினர் இக்கணக்கைக் கையிலெடுத்து, நம் தேசத்தின் தரை நத்தைகள் 1,100 இனங்களுக்கு மேல் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்த அறிவு நம் வீட்டுக் கூடத்துக்கும் நம் பாஷைக்கும் வரவேண்டாமா?

ஒரு கூடை சருகு

நத்தையின் ஜனத்தொகை மூன்று பொருள்களைப் பொறுத்தது: நிழல், சருகு, சுண்ணாம்பு. நிழலும் சருகும் ஈரத்தைக் காப்பவை. சுண்ணாம்பு வீடு கட்டுவதற்கு. சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட் என்னும் கருங்கல் இனம். சுண்ணாம்பு அதில் குறைவு. ஆகவே நத்தை தன் ஓட்டுக்கு வேண்டியதை விழுந்த இலையிலிருந்தும், சில சமயம் செத்த நத்தையின் ஓட்டிலிருந்துமே தேடிச் சேர்த்துக்கொள்கிறது. அது கிடைக்காத இடத்தில் ஓடு மெலிகிறது, கூட்டம் குறைகிறது.

குறைந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். மழை இரவில் காப்பிச் செடிகளின் நடுவே மின்னும் மின்மினியைக் கேட்கவேண்டும். மின்மினி புழுவாக இருக்கும் பருவத்தில் பல இனங்களுக்கு நத்தையே ஆகாரம். பறவையையும் கேட்கவேண்டும். ஹாலந்து தேசத்தில், மண் புளித்துப்போன சில காடுகளில் நத்தைகள் அருகின. நம் பட்டாணிக் குருவிக்கு உறவான ஒரு குருவி அங்கே இட்ட முட்டைகள் ஓடு மெலிந்து உடையலாயின. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைக் குருவி நத்தை ஓட்டிலிருந்தே பெற்றுவந்தது என்பதை 1994-ல் ஆராய்ச்சியாளர்கள் மெய்ப்பித்தார்கள். பாதி மிளகளவு பிராணியின் மீது ஒரு குருவியின் வமிசமே நின்றுகொண்டிருக்கிறது!

சேர்வராயன் மலையின் காடு பழையபடி இல்லை என்பதை மறைப்பதற்கில்லை. 1820-ம் ஆண்டை ஒட்டிச் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். சோலைகள் தோட்டங்களாயின. பிற்காலத்தில் அலுமினியத்துக்காகப் பாக்ஸைட் மண்ணும் வெட்டப்பட்டது. ஆயினும் காப்பியின் மீது முழுப் பழியையும் போடுவது நியாயமல்ல. நாட்டு மரங்களின் நிழலில் பயிரிட்டு, உதிர்ந்த சருகை மண்ணிலேயே விட்டுவைக்கும் தோட்டம் நத்தைக்கு இரண்டாவது சோலை. நாட்டு மரங்களை வெட்டிவிட்டு, சில்வர் ஓக் ஒன்றையே வரிசையாக நட்டு, அடிமண்ணைச் சுரண்டிச் சுத்தப்படுத்திய தோட்டத்தில் ஈரம் தங்குவதில்லை. இலைத் துருநோய்க்காகத் தெளிக்கும் மயில்துத்தக் கலவையும் அளவு மீறினால் நத்தைக்கு விஷமே. எஞ்சியிருப்பவை கோயில்களைச் சுற்றி மலைவாசிகள் வெட்டாமல் காத்துவரும் சோலைகளும், ஓடைக்கரைகளும், பழைய தோட்டங்களின் மூலைகளுமே.

பஸ்ஸில் வரும் நத்தை

உள்ளூர் நத்தைக்கு இத்தனை கஷ்டமிருக்க, வெளியூர் நத்தை ஒன்று நம் நாட்டில் செழித்து வாழ்கிறது. 1847-ல் பென்ஸன் என்ற ஆங்கில உத்தியோகஸ்தர், நத்தை ஆராய்ச்சியில் மோகம் கொண்டவர், மொரீஷியஸ் தீவிலிருந்து ஆப்பிரிக்கப் பெருநத்தைகளை உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரங்கியில் ஒரு நண்பரின் தோட்டத்தில் விடப்பட்டன. அங்கிருந்து புறப்பட்ட சந்ததி இன்று தமிழ்நாடு உட்படத் தேசத்தின் பல பாகங்களிலும் தோட்டப் பயிர்களை நாசம் செய்கிறது. ஓடு மட்டும் கையளவு நீளம் வளரக்கூடியது. ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வாழை, பப்பாளி, கீரை, காப்பி என்று பேதம் பாராட்டாமல் தின்னும். சுண்ணாம்புக்காகச் சுவரையும் சுரண்டும். மனிதனின் மூளை உறையைத் தாக்கும் ஒருவகைப் புழுவும் அதன் உடம்பில் இருக்கக்கூடும். ஆகவே அதை வெறுங்கையால் தொடலாகாது. கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்தே உண்ணவேண்டும்.

இப்பெருநத்தையை ஒழிக்கச் செய்த ஒரு முயற்சி இன்னும் பெரிய விபரீதத்தில் முடிந்ததும் உண்டு. 1977-ல் பசிபிக் சமுத்திரத்து மூரியா தீவில், அதைப் பிடித்துத் தின்னட்டும் என்று, அமெரிக்காவைச் சேர்ந்த வேட்டை நத்தையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அத்தீவுக்கே உரிய சிறு மர நத்தைகளைத் தின்னத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அவை காட்டில் ஏறக்குறைய இல்லாமலே போயின. மிருகக்காட்சிச் சாலைகளில் கண்ணாடிப் பெட்டிகளில் காப்பாற்றப்பட்ட சிலவற்றின் சந்ததிகளைத்தான் பிற்பாடு மறுபடி தீவில் விட நேர்ந்தது. தீவில் பிறந்த ஜீவனுக்கு ஓடி ஒளிய வேறு இடமில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? சேர்வராயன் மலையும் ஒரு தீவு என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

பெருநத்தைக்கு மலையேறக் கால் வேண்டியதில்லை. நாற்றுத் தொட்டியும், எரு மூட்டையும், லாரியில் வரும் செடிகளுமே அதற்கு வாகனம். ஆகவே சமவெளித் தோட்டத்து மண்ணையும் செடியையும் மலைக்கு எடுத்துச் செல்பவர்கள், தொட்டியின் அடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது.

தோட்டம் உள்ளவர்கள், மரத்தடிச் சருகைக் குவித்துக் கொளுத்தாமல் விடலாம். ஓடையோரத்தில் பத்தடி அகலம் நாட்டு மரங்களைக் காப்பாற்றலாம். பள்ளிப் பிள்ளைகள், மழைக்குப் பின் ஓரடிச் சதுரம் குச்சிகளால் குறித்து, அதனுள் இருக்கும் சருகை வெள்ளைத் துணியின் மேல் சலித்து, எத்தனை நத்தைகள், எத்தனை விதம் என்று எண்ணி எழுதிவிட்டு, அவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். சோலையில் ஒரு சதுரம், தோட்டத்தில் ஒரு சதுரம், வெட்டவெளியில் ஒரு சதுரம் எண்ணினால், நிழல் என்ன செய்கிறது என்பதை வாத்தியார் சொல்லாமலே தெரிந்துகொள்வார்கள்.

எட்டு வயதுக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லியாகிவிட்டது. “உன் நத்தை பஸ்ஸில் வரவில்லை, அம்மா! அதன் குலம் முப்பது கோடி வருஷத்துக்கு முன்பே கடலை விட்டுப் புறப்பட்டு, எப்படியோ இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. பஸ்ஸில் வருகிற நத்தை வேறே. அதைத்தான் ஏறவிடக் கூடாது” என்று எழுதி அனுப்பினோம்.

தபாலில் மறுமொழி வந்தது. ஒரே வரி: “மாமா, நான் அன்றைக்குப் புரட்டின இலையைத் திருப்பி மூடி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.”